ஜார்ஜ் டவுனைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்களுக்குச் சென்னை ஜார்ஜ் டவுனில், ஆண்டர்சன் தெருவில் பேப்பர் கடை. அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. கல்யாணப் பத்திரிகை பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மாதிரிகளைப் புரட்டி முடித்ததும் கேட்பது ஒன்றுதான்: “இவ்வளவு தூரம் வந்துட்டோம், இங்க வேற என்ன பார்க்கலாம், எங்க சாப்பிடலாம்?” நகரத்தின் மற்ற பக்கங்களில் இருக்கும் சொந்தக்காரர்களும் போனில் இதையேதான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதி வைத்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

பாரிஸ், மண்ணடி, சவுக்கார்பேட்டை, ஜார்ஜ் டவுன்னு ஆளுக்கொரு பேர் சொல்றீங்க. எல்லாம் ஒண்ணா, வேற வேறயா?

மொத்தமும் ஜார்ஜ் டவுன்தான். ஆனால் அந்தப் பெயர் தபாலிலும் பத்திரங்களிலும் இருக்குமே தவிர, யார் வாயிலும் வராது. தெற்கு முனையில் நீதிமன்றத்துக்கு எதிரே இருப்பது பாரிமுனை. 1788-இல் சென்னைக்கு வந்த தாமஸ் பாரி என்ற வணிகரின் கம்பெனி இருந்த மூலை என்பதால் அந்தப் பெயர். இப்போது அங்கே நிற்கும் டேர் ஹவுஸ் 1940-இல் கட்டியது. பஸ்ஸில் “பாரிஸ் ஒண்ணு” என்று டிக்கெட் கேட்பது இந்த மூலைக்குத்தான்.

நடுவில் ஓடும் பிராட்வேயை, இன்றைய பிரகாசம் சாலையை, கோடாக வைத்துக்கொள்ளுங்கள். கடல் பக்கம் இருப்பது பழைய முத்தியாலுப்பேட்டை, அதில் ஒரு பகுதி மண்ணடி. மேற்கே இருப்பது பெத்துநாயக்கன்பேட்டை. அதற்குள்தான் தங்கசாலையும் சவுக்கார்பேட்டையும் வருகின்றன. ‘சாகுகார்’ என்றால் வட்டிக்கடைக்காரர், பெரிய வணிகர். வடக்கிலிருந்து வந்த குஜராத்தி, மார்வாடி வணிகர்கள் குடியேறிய பேட்டை அது.

எந்த நாள் வந்தா நல்லா இருக்கும்?

கட்டடம் பார்க்க வேண்டுமானால் ஞாயிறு காலை 7 மணி. மொத்தக் கடைகள் சாத்தியிருக்கும், தெருவின் அகலமே அன்றைக்குத்தான் உங்களுக்குத் தெரியும். வாங்குவதற்கு என்றால் வார நாளில் காலை 11 மணிக்கு முன்னால் வாருங்கள். அதற்குப் பிறகு சாமான் ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டிகளும் கைவண்டிகளும் லோடு ஆட்களும் தெருவை எடுத்துக்கொள்வார்கள். சாப்பிட மாலை 6 மணிக்கு மேல்.

ஒரே நாளில் மூன்றும் வேண்டும் என்பவர்களுக்குச் சனிக்கிழமை. காலையில் கோவில், பிறகு கடை, மதியம் எங்காவது கால் நீட்டி உட்கார்ந்துவிட்டு மாலையில் தங்கசாலை. சித்திரை, வைகாசியில் மட்டும் வேண்டாம். இந்தத் தெருக்களில் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது.

கார்ல வரலாமா?

வேண்டாம். மெட்ரோவில் ஏறி உயர் நீதிமன்றம் அல்லது மண்ணடி ஸ்டேஷனில் இறங்குங்கள். இரண்டும் 2019-இல் திறந்தவை. மின்சார ரயில் என்றால் கடற்கரை ஸ்டேஷன். கழிப்பறை பற்றிக் கேட்பவர்களுக்கும் இதுவே பதில்: மெட்ரோ ஸ்டேஷனிலேயே போய்விட்டு வெளியே வாருங்கள்.

பார்க்க என்ன இருக்கு? எங்க பார்த்தாலும் கடைதானே?

கடைப் பலகைக்கு மேலே பாருங்கள். தரைத்தளம் பூராவும் ஷட்டரும் பிளக்ஸும்தான். கழுத்தை நிமிர்த்தி முதல் மாடியைப் பார்த்தால் வேறு ஊர் இருக்கிறது. வார்ப்பிரும்புத் தாங்கிகளில் நிற்கும் பால்கனி, சுதையில் செய்த கிளியும் பூக்கொடியும், சுண்ணாம்பில் எழுதிய ஆண்டு, பாதி உடைந்த வண்ணக் கண்ணாடி. தங்கசாலையின் குறுக்குச் சந்துகளிலும் மண்ணடியிலும் இன்னும் நிறைய மிஞ்சியிருக்கிறது. வருஷத்துக்கு நாலைந்து வீடுகள் என் கண்ணெதிரே போய்க்கொண்டும் இருக்கின்றன.

பெரிய கட்டடங்கள் வேண்டுமானால் ராஜாஜி சாலையில் நடங்கள். ராபர்ட் சிஷோம் வடிவமைத்த தலைமைத் தபால் நிலையம், 1884. அதே வரிசையில் சிவப்பாக ஸ்டேட் வங்கிக் கட்டடம். துறைமுகம் வருவதற்கு முன் இந்தச் சாலையை ஒட்டித்தான் கடல் இருந்தது. அதனால்தான் இதற்கு முதல் கடற்கரைச் சாலை என்றும், பின்னால் இருப்பதற்கு இரண்டாம் கடற்கரைச் சாலை என்றும் பெயர். இன்றைக்கு இரண்டிலும் நின்றால் கடல் தெரியாது. என்.எஸ்.சி. போஸ் சாலையில் பச்சையப்பன் மண்டபம் இருக்கிறது. 1850-இல் கிரேக்கக் கோவில் மாதிரி தூண் நிறுத்திக் கட்டியது. அதன் முன்னால் நின்று பார்க்க இடமே இல்லாத அளவுக்கு நடைபாதைக் கடைகள். எதிர்ப்பக்கம் போய் நின்றால் மேல்பாதி தெரியும்.

பழைய வீட்டுக்குள்ள போய்ப் பார்க்க முடியுமா?

யார் வீட்டுக்கும் கதவைத் தட்டிப் போக முடியாது. ஆனால் பாதி வீடுகள் குடோன் ஆகிவிட்டதால் வாசல் திறந்தே கிடக்கும். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தால் முற்றமும், அதைச் சுற்றி மரத்தூண்களும், தூணுக்குத் தூண் அட்டைப்பெட்டியும் இருக்கும்.

எங்கள் கடையின் பின்கட்டில் கூரையை அண்ணாந்து பார்க்கச் சொல்வேன். மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். ஒரு முழத்துக்கும் குறைவான இடைவெளியில் தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் மெல்லிய செங்கற்கள், படுக்க வைக்காமல் குத்தவைத்து, சுவருக்கு மூலைவாட்டாக வரிசை கட்டியிருக்கும். அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்களாம். மே மாதத்தில் அந்த அறைக்கு மின்விசிறி மட்டும் போதும். முன்கட்டை இடித்து காங்கிரீட் போட்டோம், அங்கே ஏசி இல்லாமல் வாடிக்கையாளர் பத்து நிமிஷம் உட்கார மாட்டார்.

ஹைகோர்ட்டுக்குள்ள விடுவாங்களா? அதுக்குள்ள லைட் ஹவுஸ் இருக்காமே?

ஒன்றல்ல, இரண்டு இருக்கின்றன. வளாகத்துக்குள் தனியாக நிற்கும் கல்தூண் 1844-இல் எழுப்பியது. பிறகு 1892-இல் இந்தச் சிவப்புக் கட்டடம் திறந்ததும், அதன் மிக உயரமான கோபுரத்துக்கே விளக்கை மாற்றினார்கள். 1894 முதல் மெரினாவில் புதிய கலங்கரை விளக்கம் வந்த 1977 வரை கப்பலுக்கு வழிகாட்டியது நீதிமன்றத்தின் தலைதான். கட்டடத்தில் ஹென்றி இர்வினின் கை இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் பழைய சட்டக் கல்லூரியும் அவருடையதே.

உள்ளே போகச் சோதனையும் அனுமதியும் உண்டு, வேலை இல்லாமல் வேடிக்கை பார்க்க விடமாட்டார்கள். தெரிந்த வக்கீல் இருந்தால் அவரைப் பிடியுங்கள். இல்லையென்றால் என்.எஸ்.சி. போஸ் சாலையிலிருந்தே குவிமாடங்கள் நன்றாகத் தெரியும். வருஷத்தில் ஒருநாள் எல்லா வாசலையும் சாத்திவிடுவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இது பொதுவழி இல்லை என்று காட்டுவதற்கான பழைய வழக்கம்.

எம்டன் குண்டு விழுந்த இடம் எது?

அதே நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் நகரத்தின் மேல் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. துறைமுகப் பக்கம் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியதாம். வந்து அடித்துவிட்டு யார் கையிலும் சிக்காமல் போனதால் “அவன் சரியான எம்டன்” என்று தமிழில் ஒரு சொல்லும் சேர்ந்துவிட்டது. கல் சின்னதுதான், பார்த்துவிட்டு “இதுக்கா வந்தோம்” என்று என்னிடம் கேட்கக் கூடாது.

இதுக்கு முன்னால கறுப்பர் நகரம்னு பேர் இருந்துச்சுன்னு படிச்சேன். உண்மையா?

உண்மை. 1640-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் வந்து கோட்டை கட்டத் தொடங்கியபின் வெள்ளைக்காரர்கள் உள்ளேயும், நெசவாளிகளும் வணிகர்களும் வெளியேயும் இருந்தார்கள். வெளியே இருந்த ஊருக்கு அவர்கள் வைத்த பெயர் அது. ஐந்தாம் ஜார்ஜ் பெயரை ஊருக்குச் சூட்டியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

ஆனால் நீங்கள் இப்போது நடப்பது அந்தப் பழைய ஊரில் இல்லை, அது கோட்டைச் சுவரை ஒட்டி, இன்று நீதிமன்றம் இருக்கும் இடத்தில் இருந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து 1749-இல் திருப்பிக் கொடுத்தார்கள். இனி எதிரி வந்தால் வீடுகளில் மறைந்து சுடக் கூடாது என்று, அவர்கள் இடித்தது போக மிச்சத்தையும் ஆங்கிலேயரே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஜனங்களை வடக்கே தள்ளினார்கள். ‘இதற்கு அப்பால்தான் வீடு கட்டலாம்’ என்று நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று டேர் ஹவுஸில் இன்னும் இருக்கிறது. பிறகு வந்த மதில் போய்விட்டது. அதற்காக ஊராரிடம் வரி வாங்க நினைத்ததன் நினைவாக வால்டாக்ஸ் ரோடு மட்டும் நிற்கிறது.

ஒரே காலையில எத்தனை கோவில் பார்க்கலாம்?

மூன்றோடு நிறுத்துங்கள். முதலில் தேவராஜ முதலி தெருப் பக்கம் சென்னமல்லீசுவரரும் சென்னகேசவப் பெருமாளும். சிவனும் பெருமாளும் அக்கம்பக்கத்தில் இருக்கும் இந்த இரட்டைக் கோவிலைப் பட்டணம் கோவில் என்பார்கள். மேலே சொன்ன இடிப்பில் இதுவும் போனது, 1757-இல். மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று 1760-களில் இங்கே மறுபடி எழுப்பினார்.

அடுத்தது ராசப்ப செட்டித் தெருவில் கந்தகோட்டம். வள்ளலார் சிறுபிள்ளையாக இருந்தபோது பக்கத்து ஏழுகிணறு வீராசாமித் தெருவிலிருந்து இங்கேதான் வந்து பாடினார். வாசல் தெரியாமல் இரண்டு தடவையாவது கடந்துபோவீர்கள், பாத்திரக் கடைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும். உள்ளே போனால் ஒரு குளமே இருக்கிறது.

மூன்றாவது தம்புச்செட்டித் தெரு காளிகாம்பாள். இந்த அம்மனும் கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவள் என்பார்கள். 1677-இல் சத்ரபதி சிவாஜி வந்து கும்பிட்டதாகக் கோவிலில் சொல்வார்கள். பாரதியார் சுதேசமித்திரனில் வேலை பார்த்த நாட்களில் வந்துபோன கோவில். நேரம் மிஞ்சினால் ஆர்மீனியன் தெருவில் கச்சாலீசுவரர். செவ்வாய்க்கிழமை என்றால் அதே தெருவில் அந்தோணியார் கோவில். அன்றைக்கு மெழுகுவத்தியோடு நிற்கும் கூட்டத்தில் யார் எந்த மதம் என்று பிரிக்க முடியாது.

ஆர்மீனியன் தெருவுல ஆர்மீனியர் யாராவது இருக்காங்களா?

குடும்பங்கள் இல்லை, சர்ச் இருக்கிறது. 1772-இல் கட்டிய கன்னி மரியாள் கோவில். காலையில் போங்கள், பிற்பகலில் மூடிவிடுவார்கள். தெருவின் இரைச்சலில் இருந்து மரக்கதவைத் தாண்டினால் காது அடைத்துக்கொண்ட மாதிரி ஓர் அமைதி. நடக்கும் தரையெல்லாம் கல்லறைக் கற்கள், படிக்கத் தெரியாத எழுத்து, பக்கத்தில் பெருங்கள்ளி மரங்களின் வெள்ளைப்பூ. மணிக்கூண்டு சர்ச்சோடு ஒட்டாமல் தனியாக நிற்கும். அதில் ஆறு பெரிய மணிகள்.

இங்கே புதைக்கப்பட்ட பாதிரியார் ஹருத்யுன் ஷ்மவோனியன், 1794-இல் ‘அஸ்தரார்’ என்ற பத்திரிகையை இந்த ஊரில் அச்சிட்டார். உலகிலேயே ஆர்மீனிய மொழியில் வந்த முதல் பத்திரிகை அது. ஆர்மீனியாவில் இல்லை, ஆண்டர்சன் தெருவுக்குக் கூப்பிடு தூரத்தில்! பேப்பர் கடைக்காரனுக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு.

சவுக்கார்பேட்டையில எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கணும்? ஒரே கடையில வயிறு நிறைஞ்சிடுது.

அதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. ஒரு தட்டை மூன்று பேர் பங்கு போடுங்கள். தங்கசாலையில் காக்கடா ராம்பிரசாத்தில் ஆரம்பிக்கலாம். ஆலு டிக்கி, சூடான ஜிலேபி, மேலே ஒரு பாதாம் பால். ஜிலேபியை எண்ணெயிலிருந்து எடுத்துப் பாகில் முக்கியதும் வாங்குங்கள், தட்டில் குவித்து வைத்ததைக் கை காட்டாதீர்கள். அங்கிருந்து சாட் கடைகளில் ஏதாவது ஒன்று. பானிபூரி நகரம் முழுக்கக் கிடைக்கிறது, அதற்கு இங்கே வயிற்றைச் செலவழிக்க வேண்டாம்.

கடைசியாக என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் டிபன் சென்டர். இட்லியும் ஊத்தப்பமும்தான். தோசைக்கல்லிலேயே நெய்யும் பொடியும் போட்டுப் புரட்டிக் கொடுப்பார்கள். தெரு பூராவும் கடை சாத்தின இரவில் அந்த நெய் வாசனைதான் வழிகாட்டி. நின்றுதான் சாப்பிட வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வராதீர்கள்.

முறுக்கு சாண்ட்விச்னு ஒண்ணு இருக்காமே, அது என்ன?

ரொட்டிக்குப் பதில் முறுக்கு. சப்பையான முறுக்கின் மேல் பச்சைச் சட்னி தடவி, வெள்ளரி, தக்காளி, வெங்காயம் அடுக்கி, மசாலாத்தூள் தூவி, இன்னொரு முறுக்கால் மூடுவார்கள். சீஸ் துருவிப் போட்டும் கிடைக்கும். கொடுத்த நிமிஷமே தின்ன வேண்டும். பார்சல் வாங்கி வீட்டுக்குப் போய்ப் பிரித்தவர் ஊறிப்போன முறுக்கைத்தான் பார்ப்பார். தமிழ்நாட்டு முறுக்கும் வடக்கத்திச் சட்னியும் சேர்ந்தது இந்தப் பேட்டையில்தான் நடக்கும்.

அத்தோ எங்க கிடைக்கும்? சைவமா?

கடற்கரை ஸ்டேஷனுக்கு எதிரே, இரண்டாம் கடற்கரைச் சாலையில் வரிசையாகத் தள்ளுவண்டிகள். பர்மாவில் 1962-இல் ராணுவ ஆட்சி வந்து கடைகளை நாட்டுடைமை ஆக்கியபோது, தலைமுறையாக அங்கே இருந்த தமிழர்கள் பெட்டியோடு திரும்பினார்கள். அவர்கள் பிழைக்க 1969-இல் உண்டானது பர்மா பஜார். வாய்க்குக் கொண்டுவந்தது அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ்.

செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், கோஸ் துருவல், வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், நொறுக்கிய பேஜோ என்ற மொறுமொறு தட்டை, எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து, வறுத்த வெங்காயம் தூவித் தருவார்கள். கூடவே சூடாக வாழைத்தண்டு சூப், தீரத்தீர ஊற்றுவார்கள். முட்டையைக் கீறி வெங்காயமும் புளியும் அடைத்துத் தருவது தனி. அத்தோ முட்டை இல்லாமலும் கிடைக்கும். சுத்த சைவம் என்றால் சூப்பில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எங்களுக்கு அசைவம்தான் வேணும்.

மண்ணடிக்குப் போங்கள். அங்கப்ப நாயக்கன் தெருவையும் அதைச் சுற்றியும் பிரியாணிக் கடைகள் நிறைய. ரமலான் மாதத்தில் சாயங்காலம் போனால் அந்தத் தெருக்களே வேறு மாதிரி இருக்கும். நோன்புக் கஞ்சியும் சமோசாவும் வாங்கிக்கொண்டு ஓரமாக நில்லுங்கள்.

எந்தத் தெருவுல என்ன வாங்கலாம்? சில்லறையா குடுப்பாங்களா?

பத்திரிகை, பேப்பர் ஆண்டர்சன் தெரு. நோட்டு, பேனா பந்தர் தெரு. முந்திரி, ஏலக்காய், திராட்சை கோவிந்தப்ப நாயக்கன் தெரு. துணி கோடவுன் தெரு. பூ பத்ரியன் தெரு. நாராயண முதலி தெருவில் பேன்சி சாமான். காய்கறிக்கு மட்டும் வராதீர்கள், கொத்தவால் சாவடி சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. இன்னும் பையோடு வந்து நிற்கும் பாட்டிகள் உண்டு.

மொத்தக் கடையில் ஒன்று இரண்டு கொடுக்க மாட்டார்கள், டஜன் கணக்குதான். நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து வந்து பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம். பேரம் நடைபாதையில் மட்டும். மொத்தக் கடையில் “இன்னும் குறைங்க” என்றால் “எவ்வளவு எடுக்கிறீங்க” என்றுதான் பதில் வரும். நடைபாதையில் எனக்கே ஒருமுறை 64 ஜிபி பென்டிரைவ் என்று ஒருவர் கொடுத்தார். அதில் நாலு பாட்டுக்கு மேல் ஏறவில்லை. மறுநாள் போனபோது அந்த இடத்தில் செருப்புக் கடை இருந்தது.

தெருப் பேரெல்லாம் செட்டி, முதலி, நாயக்கன்னே இருக்கே. யார் இவங்க?

கம்பெனிக்குத் துணி பிடித்துக் கொடுத்த வணிகர்கள், மொழிபெயர்த்துச் சொன்ன துபாஷிகள். தம்புச் செட்டி, லிங்கிச் செட்டி எல்லாம் அந்தக் கூட்டம். தமிழும் தெலுங்கும் கலந்தே இருந்த ஊர். இதில் சச்சரவும் இருந்தது. வலங்கைச் சாதிகள், இடங்கைச் சாதிகள் என்று பிரிந்து எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போகலாம் என்று அடித்துக்கொண்டார்கள். கம்பெனிக்காரர்கள் பஞ்சாயத்து பேசி வலங்கைக்குப் பெத்துநாயக்கன்பேட்டை, இடங்கைக்கு முத்தியாலுப்பேட்டை என்று பிரித்துவிட்டார்கள். முதல் பதிலில் பிராட்வேயைக் கோடு என்றேனே, அதற்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு.

எல்லாப் பெயரும் சாதிப் பெயர் இல்லை. மண்ணடியில் பவளக்காரத் தெரு இருக்கிறது. மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து கொடுத்து, கோல்கொண்டா வைரம் வாங்கிப்போன யூத வணிகர்கள் இருந்த தெரு. தங்கசாலை என்பது நாணயம் அடித்த சாலை. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1860-இல் சென்னையில் அச்சுக்கூடம் வைத்ததும் அந்தத் தெருவில்தான்.

வயசான அம்மாவைக் கூட்டிட்டு வரலாமா?

வார நாளில் வேண்டாம். ஞாயிறு காலை, காளிகாம்பாள் கோவில், அங்கிருந்து ஆட்டோவில் கந்தகோட்டம், அவ்வளவு போதும். சைக்கிள் ரிக்‌ஷா கண்ணில் பட்டால் விடாதீர்கள், ஆட்டோ நுழையாத சந்தில் அதுதான் நுழையும்.

போட்டோ எடுத்தா திட்டுவாங்களா?

கட்டடத்தை எடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். நீதிமன்றத்தின் பக்கமும் துறைமுக வாசலிலும் கேமராவை நீட்டாதீர்கள். லோடு ஆட்களை முகத்துக்கு நேரே எடுக்காதீர்கள். நூறு கிலோ மூட்டை தலையில் இருக்கும்போது யாருக்கும் சிரிக்க வராது. தெரு நடுவில் நின்று எடுத்தால் பின்னாலிருந்து “ஓரம்… ஓரம்…” என்று ஒரு குரல் வரும். திரும்பிப் பார்க்காமல் சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள், திரும்பிப் பார்க்கிற நேரத்தில் வண்டி வந்துவிடும்.

திருப்பதி குடை அன்னைக்கு வரலாமா? கூட்டம் பயமா இருக்கே.

புரட்டாசியில் திருமலை பிரம்மோற்சவத்துக்குக் குடைகள் புறப்படுவது மேலே சொன்ன சென்னகேசவப் பெருமாள் கோவிலிலிருந்துதான். அன்று வாங்குவது, கட்டடம் பார்ப்பது எதுவும் நடக்காது. குடை பார்க்க மட்டும் வாருங்கள். யானைக்கவுனியில் நிற்காதீர்கள், அங்கே மூச்சுவிட இடமிருக்காது. கோவிலிலிருந்து கிளம்பும் முதல் அரைமணி நேரத்தில் என்.எஸ்.சி. போஸ் சாலையின் ஓரத்தில் ஒரு கடைப்படி கிடைத்தால் ஏறிக்கொள்ளுங்கள்.

சேட்டுக் கடைகள், செட்டியார் கடைகள், ஒன்று பாக்கியில்லாமல் வாசலில் அண்டா வைத்து நீர்மோரும் பானகமும் புளியோதரையும் கொடுப்பார்கள். வெள்ளைப் பட்டுக்குடை ஆடி ஆடி வரும்போது தெருவின் மின்கம்பியை ஒருவர் மூங்கில் கழியால் தூக்கிப் பிடிப்பார். கம்பிக்கும் குடைக்கலசத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளிதான் இருக்கும். குடை தாண்டும் வரைக்கும் கோவிந்தா சத்தம் நின்று, தாண்டியதும் இரட்டிப்பாகக் கேட்கும்.